இரண்டு புள்ளிகளும் ஒரு கோட்டின் சாய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் தொடங்கியதும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் டியூஷனில் கேட்கிற கேள்விகளையும், அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்காரும் பெற்றோர் கேட்கிற கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சூத்திரம் ஒரே வரிதான், எல்லோரும் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் அது எதைச் சொல்கிறது என்று புரியாவிட்டால் அடுத்த வாரமே கை தடுமாறும். அதனால் காரணங்களுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சாய்வு என்றால் என்ன? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

வலப்பக்கமாக ஒரு அலகு நகர்ந்தால் கோடு எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பதைச் சொல்லும் எண்தான் சாய்வு. சாய்வு 2 என்றால் வலப்பக்கம் 1 போனால் மேலே 2 போகிறோம். சாய்வு −3 என்றால் வலப்பக்கம் 1 போனால் கீழே 3 இறங்குகிறோம்.

இதில் உயரம் மட்டும் இல்லை, நீளம் மட்டும் இல்லை. இரண்டு மாற்றங்களை ஒப்பிட்டுப் பார்த்துக் கிடைக்கும் எண் இது. நீண்ட கோட்டின் சாய்வு சிறியதாக இருக்கலாம், விரல் நீளக் கோட்டின் சாய்வு பெரியதாக இருக்கலாம்.

இரண்டு புள்ளிகளைக் கொடுத்தால் சாய்வை எப்படிக் கண்டுபிடிப்பது?

புள்ளியின் முதல் எண் எக்ஸ், பக்கவாட்டில் எங்கே என்று சொல்லும்; இரண்டாவது எண் ஒய், உயரத்தைச் சொல்லும். முதல் புள்ளி (எக்ஸ்₁, ஒய்₁), இரண்டாவது புள்ளி (எக்ஸ்₂, ஒய்₂) என்று வைத்துக்கொண்டால்,

சாய்வு = (ஒய்₂ − ஒய்₁) ÷ (எக்ஸ்₂ − எக்ஸ்₁)

(2, 3), (6, 11) என்ற புள்ளிகளைப் பார்ப்போம். ஒய் மதிப்பு 3-லிருந்து 11-க்குப் போகிறது, மாற்றம் 8. எக்ஸ் மதிப்பு 2-லிருந்து 6-க்குப் போகிறது, மாற்றம் 4. சாய்வு 8 ÷ 4 = 2.

சூத்திரத்தில் எண்களைப் போடுவதற்கு முன்னால் இப்படி "இதிலிருந்து இதற்குப் போகிறது" என்று வாயால் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

எந்தப் புள்ளியை முதல் புள்ளியாக எடுக்க வேண்டும்? இடது பக்கம் இருப்பதையா?

எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், விடை மாறாது. ஆனால் மேலே எந்த வரிசையில் கழித்தீர்களோ, கீழேயும் அதே வரிசையில்தான் கழிக்க வேண்டும்.

(−3, 5), (1, −7) என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதற்குப் போனால் ஒய் மாற்றம் −7 − 5 = −12. எக்ஸ் மாற்றம் 1 − (−3) = 4. சாய்வு −12 ÷ 4 = −3.

இப்போது திருப்பிப் போடுவோம். ஒய் மாற்றம் 5 − (−7) = 12. எக்ஸ் மாற்றம் −3 − 1 = −4. சாய்வு 12 ÷ (−4) = −3. அதே விடை. வரிசையைத் திருப்பினால் மேலேயும் கீழேயும் குறி மாறுகிறது, வகுக்கும்போது இரண்டு குறிமாற்றமும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன.

மேலே ஒரு வரிசையிலும் கீழே வேறு வரிசையிலும் கழித்தால்தான் சிக்கல். அப்போது 12 ÷ 4 = 3 என்று வரும். எண் சரி, குறி தப்பு. இறங்குகிற கோட்டை ஏறுகிற கோடாக்கிவிட்டோம். விடைத்தாளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மைனஸ் குறி வந்தாலே குழப்பமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

அடைப்புக்குறியைச் சோம்பல் பார்க்காமல் போடுங்கள். (−4, −2), (2, −5) என்ற புள்ளிகளுக்கு:

ஒய் மாற்றம்: (−5) − (−2) = −5 + 2 = −3
எக்ஸ் மாற்றம்: 2 − (−4) = 2 + 4 = 6
சாய்வு: −3 ÷ 6 = −1/2

முடித்ததும் ஒரு கச்சாப் படம் போடுங்கள். கிராஃப் தாள் தேவையில்லை, நோட்டின் ஓரத்தில் இரண்டு புள்ளிகளைக் குத்தினால் போதும். இடமிருந்து வலமாகக் கோடு இறங்குகிறதா? அப்படியானால் விடையில் மைனஸ் இருக்க வேண்டும். ஐந்து நொடி வேலை இது.

ஒய் ஏன் மேலே? எக்ஸை மேலே போட்டால் என்ன?

எக்ஸை மேலே போட்டாலும் ஒரு எண் கிடைக்கும், அதற்கும் பொருள் உண்டு. ஆனால் அது வேறொரு கேள்விக்கு விடை: "ஒரு அலகு மேலே ஏற எவ்வளவு தூரம் பக்கவாட்டில் போக வேண்டும்?" நாம் கேட்பது "ஒரு அலகு பக்கவாட்டில் போனால் எவ்வளவு ஏறுகிறோம்?" என்பது. எதற்கு ஒன்று என்று கேட்கிறோமோ அது கீழே வரும். கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்றால் ரூபாய் மேலே, கிலோ கீழே. அதேதான் இங்கும்.

ஒரே கோட்டில் வேறு இரண்டு புள்ளிகளை எடுத்தால் சாய்வு மாறாதா?

நல்ல கேள்வி. இதைக் கேட்காமலே பல பேர் பாடத்தைக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் மொத்தப் பாடமும் இதன் மேல்தான் நிற்கிறது.

மாறாது. மேலே பார்த்த (2, 3), (6, 11) வழியாகப் போகும் அதே கோட்டில் (3, 5), (4, 7), (0, −1), (10, 19) ஆகிய புள்ளிகளும் இருக்கின்றன. (3, 5), (4, 7) எடுத்தால் 2 ÷ 1 = 2. (0, −1), (10, 19) எடுத்தால் 20 ÷ 10 = 2. எதை எடுத்தாலும் 2.

காரணம் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு வடிவியலிலேயே இருக்கிறது. கோட்டின் மேல் இரண்டு புள்ளிகளை எடுத்து, ஒன்றிலிருந்து கிடையாகவும் மற்றதிலிருந்து செங்குத்தாகவும் கோடு இழுத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். வேறு இரண்டு புள்ளிகளுக்கு இன்னொரு முக்கோணம். அளவு வேறாக இருக்கலாம், ஆனால் கோணங்கள் ஒன்றே. ஏனென்றால் எல்லாக் கிடைக்கோடுகளும் இணை, அவற்றை நம் கோடு ஒரே கோணத்தில்தான் வெட்டுகிறது. கோணங்கள் சமமானால் முக்கோணங்கள் வடிவொத்தவை. வடிவொத்த முக்கோணங்களில் பக்கங்களின் விகிதம் மாறாது. அந்த மாறாத விகிதம்தான் சாய்வு.

வளைகோட்டில் இப்படி நடக்காது. இடத்துக்கு இடம் எண் மாறும். எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் ஒரே எண் வருகிறதென்றால் அது நேர்க்கோடு.

சாய்வு பூச்சியம் என்பதும் சாய்வை வரையறுக்க முடியாது என்பதும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. இரண்டும் எதிரெதிர் நிலைகள்.

மாத்தூர் தொட்டிப் பாலத்துக்குப் போயிருப்பீர்கள். பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல் ஒரு தொட்டி நீளமாகப் போகிறது. தொட்டியின் மேல்விளிம்பைத் தூரத்திலிருந்து பார்த்தால் கிடைக்கோடு போலத்தான் தெரியும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை போனாலும் உயரம் மாறாத கோடு என்று வைத்துக்கொண்டால், ஒய் மாற்றம் 0. எக்ஸ் மாற்றம் ஏதோ ஒரு எண். 0-வை எந்த எண்ணால் வகுத்தாலும் 0. அதாவது பூச்சியம் என்பது முறையான விடை. "இந்தக் கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை" என்று அது தெளிவாகச் சொல்கிறது.

இப்போது தூணைப் பாருங்கள். அடியிலிருந்து உச்சிவரை ஏறினாலும் பக்கவாட்டில் நகரவே இல்லை. எக்ஸ் மாற்றம் 0. உயரத்தை 0-ஆல் வகுக்கச் சொன்னால் விடையே கிடையாது. "ஒரு அலகு பக்கவாட்டில் போனால் எவ்வளவு ஏறும்?" என்ற கேள்வியையே அந்தத் தூணிடம் கேட்க முடியாது, அது பக்கவாட்டில் போகாது. அதனால்தான் "வரையறுக்க இயலாது" என்று எழுதுகிறோம்.

ஆற்றங்கரையிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டு இந்த இரண்டுக்கும் நடுவில். பக்கவாட்டிலும் போகிறது, மேலேயும் போகிறது. அதற்குச் சாய்வு ஒரு சாதாரண எண்.

எண்களில்: (−2, 4), (5, 4) என்றால் ஒய் மதிப்பு ஒன்றே, சாய்வு 0. (3, −1), (3, 6) என்றால் எக்ஸ் மதிப்பு ஒன்றே, சாய்வு வரையறுக்க இயலாது. பரீட்சையில் இரண்டாவதற்கு "0" என்று எழுதிவிடாதீர்கள்.

தொட்டிப் பாலத்தில் தண்ணீர் ஓடுகிறதே, அப்படியானால் சாய்வு உண்மையில் பூச்சியம் இல்லையே?

இதைக் கேட்ட பிள்ளையை நான் மனதாரப் பாராட்டுவேன். ஆமாம், தண்ணீர் தானாக ஓட வேண்டிய கால்வாய்க்கு மிகச் சிறிய சாய்வு கொடுத்துத்தான் கட்டுவார்கள். 2000 மீட்டர் நீளமுள்ள ஒரு கால்வாய் 1 மீட்டர் இறங்குகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் சாய்வின் அளவு 1/2000, அதாவது 0.0005. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். வீட்டில் குளியலறைத் தளத்துக்குக் கொத்தனார் வாட்டம் விடுவதும் இதே கணக்குதான். அவர் டியூப் லெவலைப் பிடித்து இரண்டு இடங்களின் உயர வித்தியாசத்தைப் பார்த்து, நடுவில் உள்ள தூரத்தோடு ஒப்பிடுகிறார். இரண்டு புள்ளி, ஒரு சாய்வு.

மலையில் ஏறுகிற வழிதானே இறங்குகிற வழியும்? அப்புறம் எப்படி ஒரு கோட்டுக்கு ஒரே குறி?

குறியை முடிவு செய்வது நாம் எந்தத் திசையில் நடக்கிறோம் என்பது இல்லை. எக்ஸ் அச்சு எந்தப் பக்கம் கூடுகிறது என்பதுதான். அச்சை வரைந்ததும் அது நிலையாகிவிடுகிறது, பிறகு நீங்கள் மேலிருந்து கீழே வந்தாலும் கீழிருந்து மேலே போனாலும் சாய்வு ஒன்றே. வரிசையைத் திருப்பினாலும் விடை மாறாது என்று மேலே கண்டது இதைத்தான்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் மருத்துவாழ்மலையைப் பாருங்கள். அதன் இடது சரிவு, இடமிருந்து வலமாகப் பார்த்தால் ஏறுகிறது, சாய்வு மிகை, அதாவது பிளஸ். வலது சரிவு இறங்குகிறது, சாய்வு குறை, அதாவது மைனஸ். மலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று படம் வரைந்தால் இரண்டும் இடம் மாறிவிடும். மலை மாறவில்லை, நாம் வைத்த அச்சு மாறிவிட்டது.

இரண்டு கிராஃபில் ஒரே கோடு ஒன்றில் செங்குத்தாகவும் இன்னொன்றில் படுத்தும் தெரிகிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். அளவுத்திட்டத்தைப் பாருங்கள். ஒரு தாளில் ஒய் அச்சில் 1 சென்டிமீட்டர் = 1 அடி, இன்னொரு தாளில் 1 சென்டிமீட்டர் = 0.1 அடி என்று இருந்தால், இரண்டாவது தாளில் கோடு பத்து மடங்கு வேகமாக ஏறுவதுபோல் தெரியும். கண்ணால் பார்த்துச் சாய்வைச் சொல்லாதீர்கள், அச்சில் எழுதியிருக்கும் எண்களை எடுத்துக் கணக்குப் போடுங்கள். செய்தித்தாளில் வரும் வரைபடங்களைப் பார்க்கும்போதும் இந்தப் பழக்கம் உதவும்.

இது பாடப்புத்தகத்துக்கு வெளியே எங்கே வருகிறது?

மழைக்காலத்தில் நம் ஊர்ச் செய்திகளில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டம் தினமும் வரும். பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணியின் முழு அளவு 77 அடி. தேதியை எக்ஸ் அச்சிலும் நீர்மட்டத்தை ஒய் அச்சிலும் வைத்தால் ஒவ்வொரு செய்தியும் ஒரு புள்ளி.

எடுத்துக்காட்டுக்காக, ஒரு மாதம் 1-ஆம் தேதி பேச்சிப்பாறையில் 40.2 அடி, 5-ஆம் தேதி 42.6 அடி என்று வைத்துக்கொள்வோம். புள்ளிகள் (1, 40.2), (5, 42.6). ஒய் மாற்றம் 2.4 அடி. எக்ஸ் மாற்றம் 4 நாள். இங்கே ஐந்து நாள் என்று எண்ணி 5-ஆல் வகுப்பவர்கள் நிறையப் பேர். 1-இலிருந்து 5-க்கு நான்கு நாள் இடைவெளிதான். சாய்வு 0.6. அதாவது சராசரியாக நாளொன்றுக்கு 0.6 அடி நீர்மட்டம் ஏறியிருக்கிறது.

பிறகு மழை விட்டு, பாசனத்துக்குத் தண்ணீர் திறந்து, 10-ஆம் தேதி 41.1 அடிக்கு வந்துவிட்டது என்று வைப்போம். 5-இலிருந்து 10 வரை சாய்வு (41.1 − 42.6) ÷ (10 − 5) = −1.5 ÷ 5 = −0.3. நாளொன்றுக்கு 0.3 அடி இறக்கம்.

இப்போது 1-ஆம் தேதியையும் 10-ஆம் தேதியையும் மட்டும் எடுத்தால்? 0.9 ÷ 9 = 0.1. மூன்று விடைகள், மூன்றும் வேறு. நீர்மட்டம் நேர்க்கோட்டில் போகவில்லை என்பதற்கு இதுவே அடையாளம். நாம் கண்டுபிடித்தது அந்தந்த இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வு, அதாவது சராசரி வேகம். நடுவில் என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. இரண்டு புள்ளிகளையும் நெருக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று யோசித்தால், பதினொன்றாம் வகுப்பில் வரும் வகைநுண்கணிதத்தின் வாசலுக்கு வந்துவிட்டீர்கள்.

கவனித்தீர்களா, இங்கே சாய்வுக்கு அலகும் வந்துவிட்டது: நாளுக்கு இத்தனை அடி. இரண்டு அச்சிலும் ஒரே அலகு இருந்தால் மட்டுமே சாய்வு வெறும் எண்ணாக நிற்கும்.

சாய்வுக்கும் கோணத்துக்கும் என்ன தொடர்பு?

கோடு எக்ஸ் அச்சின் மிகைத் திசையோடு ஏற்படுத்தும் கோணத்தின் டேன் மதிப்புதான் சாய்வு. 45 பாகைக்குச் சாய்வு 1. 30 பாகைக்குச் சுமார் 0.577. 60 பாகைக்குச் சுமார் 1.732.

கடைசி இரண்டையும் மறுபடி பாருங்கள். கோணம் இரண்டு மடங்கு ஆனபோது சாய்வு மூன்று மடங்கு ஆகிவிட்டது. அதனால் "சாய்வு இரண்டு மடங்கு, எனவே கோணமும் இரண்டு மடங்கு" என்று ஒருபோதும் எழுதக் கூடாது.

கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133 அடி. பீடத்தின் அடிமட்டத்திலேயே நம் கண் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு 133 அடி தள்ளி நின்றால் உச்சியைப் பார்க்கும் பார்வைக்கோட்டின் சாய்வு 1, கோணம் 45 பாகை. 266 அடி தள்ளிப் போனால் சாய்வு பாதியாகி 1/2. ஆனால் கோணம் பாதியாகாது. சுமார் 26.6 பாகை இருக்கும்.

சாலையில் "30-க்கு 1", "5 சதவீதம்" என்கிறார்களே, அதுவும் இதுதானா?

அதேதான், எழுதும் விதம் வேறு. 30-க்கு 1 என்றால் 30 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம், சாய்வு 1/30, சுமார் 3.3 சதவீதம். நம் நாட்டுச் சாலை வடிவமைப்பு விதிகளில் சமவெளிச் சாலைகளுக்கு வழக்கமாக அனுமதிக்கும் ஏற்றம் இந்த அளவு, மலைப்பாங்கான இடங்களில் 20-க்கு 1, அதாவது 5 சதவீதம். 100 சதவீதம் என்றால் செங்குத்து என்று நினைத்துவிடாதீர்கள். அது 45 பாகைதான்.

வீட்டு வாசலில் பாட்டிக்குச் சக்கர நாற்காலி ஏற சாய்தளம் கட்ட வேண்டும். எவ்வளவு நீளம் வேண்டும்?

ஒரு அப்பா கேட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான வழிகாட்டு விதிகளில் சொல்லப்படுவது 12-க்கு 1. வாசல் 2 அடி உயரத்தில் இருந்தால் 24 அடி நீளச் சாய்தளம் தேவை. இடம் போதாதென்று 8 அடியில் கட்டினால் சாய்வு 4-க்கு 1 ஆகிவிடும், தள்ளுகிறவருக்கும் முடியாது, உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து. நேராக இடமில்லை என்றால் நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டுங்கள். நீளத்தைக் குறைக்காதீர்கள்.

மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது?

முதல் இரண்டின் சாய்வையும், பின்னிரண்டின் சாய்வையும் கண்டுபிடியுங்கள். சமமானால் ஒரே கோடு. (−2, −1), (1, 5), (4, 11): 6 ÷ 3 = 2, மறுபடி 6 ÷ 3 = 2. ஒரே கோடு. (1, 1), (4, 3), (7, 6): 2/3, பிறகு 3/3 = 1. ஒரே கோட்டில் இல்லை.

சாய்வு சமமானால் இணைகோடுகளாகவும் இருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: இரண்டு கோடுகளுக்கும் இரண்டாவது புள்ளி பொது. ஒரு புள்ளியில் சந்திக்கும் இணைகோடுகள் கிடையாது.

ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வருவது ஏன்?

(0, 0)-லிருந்து (3, 2)-க்கு ஒரு கோடு. சாய்வு 2/3. அந்தக் கோட்டை ஆதியில் வைத்து 90 பாகை இடஞ்சுழியாகத் திருப்பினால் முனை (−2, 3)-க்குப் போகும். வலப்பக்கம் 3 போனது இப்போது மேலே 3 ஆகிறது, மேலே 2 போனது இடப்பக்கம் 2 ஆகிறது. புதுச் சாய்வு 3/(−2). இரண்டையும் பெருக்கினால் −1. தாளில் வரைந்து, தாளையே திருப்பிப் பாருங்கள், இதற்குமேல் நிரூபணம் கேட்கத் தோன்றாது.

ஒரு கோடு கிடையாகவும் மற்றது நிலையாகவும் இருந்தால் இந்தப் பெருக்கல் விதி செல்லாது, நிலைக்கோட்டுக்குச் சாய்வே இல்லையே.

இரண்டு புள்ளிகளும் ஒன்றாகவே இருந்தால்?

0 ÷ 0 வரும். ஒரு புள்ளி வழியாக எத்தனை கோடுகள் வேண்டுமானாலும் போகலாம், எதன் சாய்வைச் சொல்வது? இரண்டு வெவ்வேறு புள்ளிகள் வேண்டும்.

விடையைப் பின்னமாக எழுதலாமா, தசமமாகவா?

பின்னமாகவே விடுங்கள், சுருக்கி எழுதுங்கள். 2/3-ஐ 0.67 என்று மாற்றினால் துல்லியம் போய்விடும், அடுத்த படியில் சமமா இல்லையா என்று பார்க்கும்போது தொல்லை. அளந்து எடுத்த தரவு என்றால் தசமம் சரி.

பயிற்சிக்குச் சில கணக்குகள் கிடைக்குமா?

முதல் நான்கிலும் சாய்வு கண்டுபிடியுங்கள்.

1. (3, −2), (7, 6)
2. (−5, 4), (1, 1)
3. (2, 9), (−4, 9)
4. (6, −1), (6, 8)
5. (1, அ), (4, 11) வழியாகப் போகும் கோட்டின் சாய்வு 3 என்றால் அ எவ்வளவு?
6. (0, 1), (2, 5), (5, 12) ஒரே கோட்டில் உள்ளனவா?

விடைகள்: 1) 2. 2) −1/2. 3) 0. 4) வரையறுக்க இயலாது. 5) 11 − அ = 9, எனவே அ = 2. 6) சாய்வுகள் 2, 7/3. ஒரே கோட்டில் இல்லை. படம் வரைந்தால் கிட்டத்தட்ட நேராகத்தான் தெரியும், அதனால் இந்தக் கணக்கில் கண்ணை நம்பாமல் எண்ணை நம்புங்கள்.